நீர்நாய்க்கு வேலி

திருப்பனந்தாள் அருகே
11.8.2024

அன்புத் தங்கை எழில்மொழிக்கு,

போனில் பேசினால் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அதனால் எழுதுகிறேன். கொள்ளிடத்து நீர்நாய்கள் நம் மீன்குளத்துக்கு வந்து ருசி கண்டுவிட்டன. உன் வனத்துறையின் செல்லப்பிள்ளைகள் மீனின் வயிற்றைத் தின்றுவிட்டுத் தலையை எனக்கு வைத்துவிட்டுப் போகின்றன. உங்கள் மலையில் யானை வாழையை மிதித்தால் நஷ்டஈடு தருகிறீர்களே, கட்லா மீனுக்கும் ரோகு மீனுக்கும் கிடையாதா? இப்படியே போனால் குளத்துக் குத்தகை கைவிட்டுப் போய்விடும். அண்ணி உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள்.

அன்பு அண்ணன்,
பகலவன்

கூடலூர்
25.8.2024

அன்புள்ள அண்ணா,

விசாரித்தேன். நஷ்டஈட்டு விதியில் மாடு இருக்கிறது, பயிர் இருக்கிறது, குளத்து மீன் இல்லையாம். சேர்க்கச் சொல்லி மேலே எழுதியிருக்கிறேன். அதுவரை கரையைச் சுற்றி வேலி போடுங்கள். கோபத்தில் மருந்து கிருந்து வைத்துவிடாதீர்கள், ஜெயிலுக்குப் போக வேண்டிவரும். அண்ணியை நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்கள்.

உங்கள் எழில்

6.10.2024

அன்புத் தங்கைக்கு,

இதைப் போனில் சொல்லப் பயமாக இருக்கிறது. கம்பி வேலிக்கு வசதியில்லாமல் பழைய மீன்வலையைக் கரையோரம் கட்டினேன். வேலி என்றால் விறைப்பாகக் கட்ட வேண்டும். வலை கட்டிப் பழகிய கை, மீனுக்குக் கட்டுவது போலத் தொய்வு விட்டே கட்டிவிட்டது. ஒரு தாய் நீர்நாய் அதில் சிக்கி, மூழ்கிச் செத்துக் கிடந்தது. குட்டிகள் கரையில் கத்திக்கொண்டிருந்தன. அதைத் திட்டாத நாளில்லை, ஆனாலும் பார்க்க முடியவில்லை. "இதுக்கா வேலி கட்டுனீங்க?" என்று உன் அண்ணி அம்சம் கேட்டாள். புதைத்துவிட்டேன், வெளியில் யாருக்கும் தெரியாது. இப்படியே விட்டுவிடவா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அண்ணன்

12.10.2024

அன்புள்ள அண்ணா,

படித்துவிட்டு அழுதேன். மறைக்க வேண்டாம். நீங்களே போய்ச் சொல்லுங்கள், தெரியாமல் நடந்தது என்று எழுதிக்கொள்வார்கள். அங்குள்ள வனச்சரகரிடம் பேசிவிட்டேன். பயப்படாமல் போங்கள்.

எழில்

8.1.2025

எழில்மொழிக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. நீ சொன்னபடியே போய்ச் சொன்னேன், புதைத்ததால் வேட்டை என்று வழக்கு எழுதிவிட்டார்கள். ஜாமீனில் வந்து, தினமும் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். குளத்தை வேறு ஆளுக்கு விட்டுவிட்டார்கள். அது என் மீனைத் தின்றபோது பதில் சொல்ல ஒருவரும் இல்லை. அது செத்ததற்கு நான் பதில் சொல்கிறேன், சொல்ல வேண்டியதுதான்.

நீ கெட்டது நினைத்துச் செய்யவில்லை. ஆனால் நான் தங்கைக்கு எழுதினேன், அதிகாரி படித்துவிட்டாள்.

வழக்கம்போல் பொங்கல் சீர் எடுத்துக்கொண்டு இந்த வருஷம் நான் வரமாட்டேன். மஞ்சள் கொத்தையும் புடவையையும் அம்சம் பார்சலில் போட்டுவிடுவாள். வாங்கிக்கொள்.

பகலவன்