மூன்றாவது கழுவல்

பிப்ரவரி 24
வயலில் இரண்டாவது உப்புக் கழுவல் முடிந்தது. பருத்தி விதைக்கும் முன் வயலைக் குளமாக்கி, உப்பைக் கரைத்து வடியவிட வேண்டும். எல்லோரும் மூன்று தடவை. எதற்கு மூன்று? நானும் கேட்டதில்லை. உப்பு மிஞ்சினால் விதை முளைக்காதே என்ற பயம்தான்.

பிப்ரவரி 27
தங்கை அய்பர்ஷா போனில் பேசினாள். எங்கள் வாய்க்காலின் கடைசியில், ஏரிக்கரையில் அவள் ஊர். மீன் முட்டையிடும் காலத்துக்குள் வற்றிய ஏரிக்குத் தண்ணீர் வராவிட்டால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கஜகஸ்தான் போய்விடுவார்களாம்.
"உங்க வயல் என்ன கல்யாணப் பொண்ணா அக்கா, மூணு தடவை குளிப்பாட்ட?"
சுருக்கென்றது. கோபமும் வந்தது. வாய்க்காலில் எங்களுக்கும் மேலே நெல் போடுகிறவனைக் கேட்பதுதானே!

மார்ச் 2
அவள் ஊருக்கு நேரில் போனேன். ஏரி இருந்த இடத்தில் நடந்தேன், நடந்தேன், வெள்ளை மண்தான். காலடியில் சிப்பிகள் நொறுங்கின. அதற்கும் அப்பால் கடல் இருந்த இடம் — கண் போகிற மட்டும் தரை. அம்மாடி, அதில் விழுந்த ஆற்றை வயலுக்குத் திருப்பித் திருப்பி ஒரு கடலையே குடித்திருக்கிறோம். யார்? நான், நெல்காரன், எங்கள் பருத்தியில் தைத்த சட்டையோடு எந்த தேசத்திலோ பஸ்ஸுக்கு நிற்கிறவன், எல்லோரும். அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டதே, என்ன செய்ய? உடம்பெல்லாம் சிலிர்த்தபடி நின்றேன்.

மார்ச் 3
மூன்றாவது கழுவலை விட்டுவிடுவோம், அந்தத் தண்ணீர் கீழே போகட்டும் என்று என் வீட்டுக்காரர் சபர்பாயிடம் சொன்னேன். "நம்ம ஒரு மடையை அடைச்சா கடல் ரொம்பிடுமா?" என்றார்.
"ரொம்பாது. என் தங்கச்சி ஊரைவிட்டுப் போகாம இருக்கலாம்."


மார்ச் 5
காலையில் அவரே போய் மடையை அடைத்தார். மத்தியானத்துக்குள் பக்கத்து வயல் துர்சின்பாய் தன் மடையை அகலத் திறந்துகொண்டார். வீணாகப் போகிறதே என்று எடுத்தாராம்!

மார்ச் 6
சண்டை போடவில்லை. துர்சின்பாயை வண்டியில் ஏற்றி அந்த வெள்ளை மண்ணுக்குக் கூட்டிப்போனோம். மனிதர் வாய் ஓயாதவர். அங்கே தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். திரும்பும்போது, "ஊர்ல மத்தவங்ககிட்ட நான் பேசுறேன்" என்றார்.

மார்ச் 19
வந்துவிட்டது.
ஊரில் பலர் மூன்றாவது கழுவலை விட்டுவிட, மிஞ்சிய தண்ணீர் ஏரிக்கு வருவதை அய்பர்ஷாவோடு கரையில் நின்று பார்த்தேன். ஒரு முழ அகலம்தான். வெடிப்புகளில் இறங்கி, நிரப்பி, மறுபடி முன்னால் வந்தது. உஸ்ஸென்று மண் குடிக்கும் சத்தம். எறும்புகள் ஓடின. எங்கிருந்தோ பறவைகள்! எனக்கு அழுகை வந்தது. வெறும் தண்ணீர், தினமும் பார்க்கிற தண்ணீர்!

மே 11
அய்பர்ஷா வீட்டில், ஊரைவிட்டுப் போகக் கட்டிய மூட்டைகளைப் பிரித்துவிட்டார்களாம்.
எங்கள் வயலின் கீழ்க்கோடியில் விதை முளைக்கவில்லை. உப்பு பூத்திருக்கிறது. சபர்பாய் குனிந்து அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். அடுத்த வருஷமும் இரண்டு தடவைதான் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.