வாயாடியின் மண்டைப் படங்கள்

அன்புள்ள உங்களுக்கு,

அங்கே நீங்கள் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று அடுத்த வரியை எழுதித்தான் பழக்கம். இந்தத் தடவை கை வரவில்லை. போனில் என் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே, முதல்ல அழாதே என்கிறீர்கள். நான் அழவில்லை, கோபமாக இருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தில் நீங்கள் என்னைக் குறுக்கிட முடியாது.

நம் வாயாடிப் பெண்ணின் கழுத்துக் கட்டியில் ஊசியால் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்ததில் தைராய்டு புற்றுநோய் என்று தெரிந்துவிட்டதை நேற்றே சொன்னேன். குணமாகிற வகைதான், அறுவை செய்து எடுத்துவிடலாம் என்று அறுவை மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். நீங்கள் அடுத்துக் கேட்டது, சிடி ஸ்கேன் எடுத்தாச்சா, எடுத்து உடனே அனுப்பு என்பதுதான். அப்போது லைன் கட்டாகவில்லை. நான்தான் வைத்தேன்.

முன்பு தலையிலோ கழுத்திலோ ஸ்கேன் எடுத்ததுண்டா என்று அந்த மருத்துவரம்மா கேட்டார். வீட்டு அலமாரி மேலிருந்த பழைய ஸ்கேன் படப் பையை இறக்கிக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். ஒவ்வொரு உறையாகப் பிரிக்கப் பிரிக்க அவர் முகம் மாறியது.

சறுக்குமரத்திலிருந்து விழுந்து வாந்தி எடுத்தாளே, அப்போது எடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அது வேண்டியதுதான். அப்புறம் தலைவலி என்று போனோம். பழைய படத்தை அந்த டாக்டர் உறையைவிட்டு வெளியே எடுக்கக்கூட இல்லை. எங்க மெஷின்ல எடுத்தாத்தான் எங்களுக்குச் சரிவரும் என்றார். மூக்கடைப்புக்கு வேறொருவர், வேறொரு மெஷின். அதற்குப் பிறகு, அங்கே உங்கள் அறையில் தங்கியிருக்கும் நண்பரின் அக்கா மகனுக்கு மூளையில் கட்டி என்று கேள்விப்பட்டு, மனசு நிம்மதிக்காவது இன்னொண்ணு எடுத்துடு என்று நீங்கள் சொன்னது. கடைசியில் அவள் தலைவலி எதனால் போனது? மூக்குக்கண்ணாடி போட்டதால்.

ஒரு தடவை ஸ்கேன் அறை வாசலில் அவள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். உள்ளே ஒருவன் இன்னொருவனிடம், குறைச்சு வெச்சா படம் தெளிவா இல்லைன்னு டாக்டர் திருப்பி அனுப்புறாருப்பா, பெரியவங்களுக்கு வைக்கிறதையே வெச்சுடு என்றான். காதில் விழுந்தது, அர்த்தம் புரியவில்லை. அறுவை மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது. குழந்தை உடம்புக்கு ஏற்றபடி கதிரைக் குறைத்து எடுக்க வேண்டுமாம். சின்ன வயதில் தைராய்டு கதிரைத் தாங்காதாம்.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஒரு ஸ்கேனால் வரும் ஆபத்து ரொம்பக் குறைவு, இவளுக்கு அதனால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார். எனக்கு வயிறு எரிவதே அங்கேதான். யாராலும் சொல்ல முடியாது என்பதால் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஆகிவிட்டதே!

தலைவலி டாக்டரிடம் நேரிலேயே போய்க் கேட்டேன். கண்ணாடி போட வேண்டியவளுக்கு எதற்கு அத்தனை ஸ்கேன் என்றேன். அவர் பதறவேயில்லை. உங்க வீட்டுக்காரர்தானேம்மா போன் பண்ணிக் கேட்டார், நான் எழுதலைன்னா வேற யாராவது எழுதியிருப்பாங்க என்றார்.

உங்களை நான் அறியாதவளா? அவ்வளவு தூரத்திலிருந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்க முடியாது. படம் ஒன்றுதான் உங்கள் கைக்கு வந்து சேரும். சாப்பாட்டு நேரத்தில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பீர்கள் என்றும் தெரியும். அப்பாகிட்ட என் மூஞ்சி போட்டோவைவிட மண்டை போட்டோதாம்மா அதிகம் இருக்கு என்று அவள் ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போது சிடி தேவையில்லை, கதிரே இல்லாத அல்ட்ராசவுண்டு போதும் என்று அறுவை மருத்துவர் சொல்லிவிட்டார். அதனால் எடுக்கப் போவதில்லை. உங்கள் நண்பர் சொன்னாலும் சரி, நீங்களே சொன்னாலும் சரி. யாருக்காவது போன் செய்து ஏற்பாடு செய்தீர்களானால் என்னை மறந்துவிடுங்கள்.

அவள் தைரியமாகத்தான் இருக்கிறாள். தழும்பு தெரிந்தால் புலி பிறாண்டிவிட்டது என்று வகுப்பில் சொல்லப் போகிறாளாம். நீங்கள் வருவீர்களா என்று அவள் கேட்கவில்லை. அப்பா ஆபீஸ்ல லீவுக்கு எத்தனை நாள் முன்னாடி எழுதிக் கொடுக்கணும் என்று மட்டும் கேட்டாள். எனக்குத் தெரியாது என்றேன்.

இதோடு அவள் படம் ஒன்று வைத்திருக்கிறேன். இன்று காலை ஜன்னலோரம் நிற்க வைத்து எடுத்தது. சாதாரணப் படம்தான். கழுத்தில் இன்னும் கத்தி படவில்லை. இதைப் பெரிதாக்க வேண்டாம். நேரில் வந்து பாருங்கள்.

வழியில் உங்களுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உங்கள் வரவுக்காக,
வாயாடியின் அம்மா