மோட்டார் மவுண்ட் வேண்டுமா?

என்னங்க,

சாப்பாடு ஃப்ரிட்ஜில் இருக்கிறது. சூடு செய்து சாப்பிடுங்கள். மாடிச் சாவியை ஆணியில் மாட்டியிருக்கிறேன்.

நாலு மணிக்கு டெலஸ்கோப் கடைக்காரர் போன் செய்வார். மோட்டார் மவுண்ட் வேண்டுமா, வேண்டாமா என்று இன்றே சொல்லிவிட வேண்டுமாம். முந்தாநாள் நீங்கள் கேட்டபோது, "உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டேன். கோபம் இல்லை. எதுவுமே தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"கிரகம் நகர நகர அதுவே டெலஸ்கோப்பைத் திருப்பிக்கும். நீ பக்கத்துல நின்னு குமிழைத் திருப்பிட்டே இருக்க வேணாம், போய்த் தூங்கு" என்றீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் கொஞ்ச நாளாக நாம் பேசிக்கொள்வதே அந்தக் குமிழுக்குப் பக்கத்தில் நிற்கும்போதுதான். "மெதுவா, மெதுவா... ஐயோ, போச்சு! தூங்குமூஞ்சி, சனியை விட்டுட்டியே!" மற்ற நேரங்களில் நீங்கள் என்னைத் திட்டுவதுகூட இல்லை.

இதையெல்லாம் ஒரு காரணமாகச் சொல்லலாமா என்று தெரியவில்லை. உங்களுக்குச் சரியென்று படுவதைச் செய்யுங்கள். நான் வர ஏழு மணி ஆகும்.

பி.கு: கேஸ்காரர் வந்தால் காலி சிலிண்டர் பின்கட்டில் இருக்கிறது.

இன்னொன்று. மவுண்ட் வேண்டாம் என்றே சொல்லிவிடுங்கள். ஏன் என்று கேட்டால், திருப்புவதற்கு வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லுங்கள்.