எத்தனை நாளாகும் என்று கேட்டுவிட்டேன்

கூலிம், மலேசியா. சனிக்கிழமை இரவு.

மத்தியானம் சிடாம் கிரியிலிருந்து ஸ்டெல்லா அக்கா போன் செய்தார். வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டதாம். "தண்ணி வடியற வரைக்கும் ஒன் வீட்டுல இருந்துக்கட்டுமா?" என்றார். மகள் வெளியூர் போன பிறகு மூன்று அறை வீட்டில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். இருந்தும், "எத்தன நாளாகும்க்கா?" என்று கேட்டுவிட்டேன். "பரவால்லலா, சர்ச்சு ஹால்ல எடம் இருக்காம்" என்று போனை வைத்துவிட்டார்.

நான் சிறுமியாக இருக்கையில் எஸ்டேட்டில் எங்கள் வீடு எரிந்துபோனது. அப்போது புதிதாகக் கல்யாணமாகி அண்டை வீட்டில் இருந்த ஸ்டெல்லா அக்காதான், தொழிலாளர் வரிசையில் இருந்த தன் சின்ன லயத்து வீட்டின் நடுவில் சேலையைக் கட்டி, பாதியை எங்களுக்குக் கொடுத்தார். ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தோம். எப்போது போவீர்கள் என்று அவர் கேட்டதே இல்லை. அம்மா தயங்கிப் பேச்செடுத்தால், "ஒங்க கொழம்பு வாசம் இல்லாம எனக்குச் சோறு எறங்காதுக்கா" என்பார்.

மனசு கேட்காமல் காரை எடுத்துக்கொண்டு போனேன். சர்ச் மண்டபத்தில் அக்கா பாயில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்கக்கா, வீட்டுக்குப் போவோம்."

முகத்தில் கோபமே இல்லை. பக்கத்திலிருந்த வயதான சீன அம்மாவைக் காட்டி, "இந்த ஆன்ட்டிக்கும் ஆளு இல்ல. சேர்த்துக் கூட்டிட்டுப் போலாமா?" என்றார்.

இப்போது இருவரும் மகளின் அறையில் மலாயில் ஏதோ பேசிச் சிரிக்கிறார்கள். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலமாகிறது.