ஒரு பள்ளம் தள்ளி நின்ற எடை

ஐடஹோ
செப்டம்பர் 20

அன்பு மகள் பிரிட்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். சியாட்டிலில் நீயும் மாப்பிள்ளை கோடியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனிலேயே பேசியிருக்கலாம். இரண்டு தடவை எடுத்தேன், இரண்டு தடவையும் வைத்துவிட்டேன். நேரில் இருந்தால் என் முகத்தைப் பார்க்கும்படி இருக்காது.

கோடையில் நீங்கள் வந்தபோது நானே வீட்டில் வெடிமருந்து நிறுத்து அடைத்துக் கொடுத்த தோட்டாப் பெட்டி இருக்கிறதே, அதைத் தொடாதே. பூட்டி வைக்கும்படி நான் போனில் சொன்னதைக் கோடி உன்னிடம் சொல்லியிருப்பான். அது அப்படியே இருக்கட்டும். ஆனால் நான் சொன்ன காரணம் பொய்.

அன்று கோடிதான் கூப்பிட்டான். சுடும் மைதானத்தில் உன் துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் போல்ட் இறுகிக்கொண்டது, கட்டையால் தட்டித்தான் திறந்தாய் என்றான். அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்: தோட்டாவில் மருந்து அதிகம். எனக்குக் காது வரை சூடேறிவிட்டது. மறுநிமிஷமே, "அந்த டப்பா மருந்தே சரியில்லையாம்ப்பா, கம்பெனிக்காரனே திரும்ப வாங்கிக்கிறானாம்" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் முந்திக்கொண்டது.

போனை வைத்ததும் தோட்டா அடைக்கும் கீழ் அறைக்குப் போனேன். அதே வரிசையில் மிச்சமிருந்த தோட்டாக்களைப் பிரித்து மருந்தை நிறுத்தேன். தராசு எல்லாம் சரி என்றது. எனக்கு அப்பாடா என்று இருந்தது. ஆனாலும் ஏதோ உறுத்தியது. உன் அம்மாவைக் கூப்பிட்டு, தராசுத் தண்டின் மேல் நகரும் எடை எந்தப் பள்ளத்தில் நிற்கிறதென்று பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைக் கூடப் போடாமல் பார்த்துவிட்டு, "ஒரு பள்ளம் தள்ளி நிக்குதே. உமக்குக் கண்ணு தெரியலையா, வேலை மறந்துபோச்சா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு அது கேலி. எனக்கு அப்போதுதான் புரிந்தது. எடை ஒரு பள்ளம் தள்ளி நின்றால் அடுத்து அடைக்கும் ஒவ்வொரு தோட்டாவும் அதே தப்போடுதான் போகும், திரும்ப நிறுத்தாலும் சரியென்றே காட்டும். தராசைக் குற்றம் சொல்ல வழியே இல்லை.

கண் மங்கலாகிச் சில காலம் ஆகிறது. பாத்திரத்தில் விழும் மருந்து தெரியும், தண்டில் இருக்கும் கோடு தெரியாது. பழக்கத்தில் கை போகிற இடத்தில் எடையை வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். சொன்னால் துப்பாக்கியை எடுத்து வைத்துவிடுவீர்கள் என்று பயம். கார் சாவியையும்தான்.

புதுத் தராசு ஒன்று வாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று, துப்பாக்கிச் சாமான் விற்கும் நம் லோர்னா கடைக்குப் போனேன். எலக்ட்ரானிக் தராசு, எண்கள் கட்டைவிரல் பருமனுக்குத் தெரிகிறது. லோர்னா அதைக் கையில் கொடுக்கவே மாட்டேன் என்றாள். ஹீட்டர் காற்று பட்டாலே எண் அலையும், போட்ட உடனே நம்பக் கூடாது, சூடாக விட்டு எடைக்கல் வைத்துச் சரிபார்த்தபிறகுதான் மருந்தைக் கொட்ட வேண்டும், அதற்குப் பொறுமை இல்லையென்றால் பழைய தண்டுத் தராசே மேல் என்று ஒரு பாட்டம் பாடினாள். எல்லாம் எனக்குத் தெரிந்த பாட்டுத்தான். தலையாட்டிக்கொண்டே அலமாரியைப் பார்த்தேன். அந்த மருந்து டப்பாக்கள் நின்ற இடம் காலியாக இருந்தது.

உன் வீட்டுக்காரன் நல்லவன், பிரிட்டா. நல்லவனாக இருப்பதுதான் அன்றைக்கு வினையாகிவிட்டது. நான் சொன்னதை அப்படியே நம்பி, ஊரில் யாருக்கும் ஆபத்து வந்துவிடக் கூடாதென்று லோர்னாவுக்கே போன் போட்டுச் சொல்லியிருக்கிறான். அவள் டப்பாக்களை எல்லாம் பின்னால் எடுத்து வைத்துவிட்டாள். என்னைப் போலவே தோட்டா அடைக்கும் கிழவன் கஸ் தன்னிடம் இருந்த மருந்தைப் பெண்டாட்டியின் ரோஜாப் பாத்தியில் உரமாகத் தூவிவிட்டானாம். லோர்னா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உம்ம புண்ணியத்துல ஊரு பொழச்சுதுய்யா ஹார்லன்" என்றாள். ஒரு பெட்டி எடைக்கற்களை எடுத்து, காசு வேண்டாம் என்று என் பையில் திணித்தாள். நானும் வாங்கிக்கொண்டு வந்தேன். வெட்கங்கெட்டவன், வாங்கிக்கொண்டு வந்தேன்!

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இன்று காலை எடைக்கற்களை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். கஸ் அங்கேதான் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். மருந்தில் குற்றம் இல்லை, கம்பெனி எதையும் திரும்பக் கேட்கவில்லை, குருட்டுத்தனம் என்னுடையது, பொய்யும் என்னுடையது என்று இரண்டு பேர் முன்னாலும் சொன்னேன். கஸ்தான் முதலில் வாயைத் திறந்தான். "அப்ப என் மருந்து? ரோஜா குடிச்சிருச்சேய்யா!" என்றான். லோர்னா சிரிக்கவில்லை. பின்னறைக்குப் போய் டப்பாக்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கினாள். அடுக்கி முடித்துத் திரும்பி, "பிரிட்டாவுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம்.

அடுத்தவன் அடைத்த தோட்டாவை நம் ஆட்கள் யாரும் சுட மாட்டார்கள். கூடப் பிறந்தவன் கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். நானும் வாங்கியதில்லை. நீ ஒருத்திதான் நான் அடைத்ததை ஒரு கேள்வியும் கேட்காமல் போட்டுச் சுட்டாய். அந்தப் போல்ட்டுக்குப் பின்னால் இருந்தது உன் முகம். எழுத்து கோணலாக இருந்தால் கண்ணை மட்டும் குற்றம் சொல்லாதே.

உன் அம்மாவுக்கும் இப்போது எல்லாம் தெரியும். கண் டாக்டரிடம் அவளே நாள் வாங்கிவிட்டாள். அதுவரை கீழ் அறைச் சாவி அவளிடம். தராசு எதுவும் வாங்கவில்லை.

கோடி இன்னொன்றும் சொன்னான். மைதானத்திலிருந்து திரும்பும்போது, "அப்பாகிட்ட சொல்லிடாத, தாங்க மாட்டாரு" என்று சொன்னாயாம். அதைக் கேட்டதிலிருந்து மனசு ஆறவில்லை, மகளே. உன் முகத்தைவிட என் கௌரவம் பெரிதென்று உனக்குத் தோன்றும்படி நான் நடந்திருக்கிறேன்.

இந்த அக்டோபரில் எல்க் மான் வேட்டைக்குக் கடைத் தோட்டாவே வாங்கிக்கொண்டு வா. நான் கோபிக்க மாட்டேன். கடவுள் உன்னைக் காப்பாற்றினார், இனியும் காப்பாற்றட்டும். இந்தக் கடிதம் கிடைத்ததும் போன் எடுத்து என்னைத் திட்டு. கோடியை விட்டுப் பேசச் சொல்லாதே. தாங்குவேன், நீயே திட்டு.

உன் அப்பா,
ஹார்லன்