பித்தளை மூடி

போன வாரம் பரணிலிருந்து உன் பொட்டலத்தை இறக்கினேன். மாதா கோயிலில் ஞாயிறுதோறும் கொடுக்கும் அறிவிப்புத் தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டிருந்தாய். ரப்பர் உருகித் தாளோடு ஒட்டிக்கிடந்தது. நீ போய் இரண்டு வருடமாகிறது. அதற்கு முன்பும் ஒரு வருடம் அதைப் பிரிக்காமலேதான் வைத்திருந்தேன். முதலில் வீம்பு, அப்புறம் பயம். என் மேல் வருத்தத்தோடு போய்விட்டாயோ என்கிற பயம்.

இப்போதும் பிரித்திருக்க மாட்டேன். கத்திரி வெயிலில் காலாப்பட்டு கல்யாண வீடியோவை எடிட் செய்துகொண்டிருந்தபோது, கம்ப்யூட்டர் மூன்றாவது தடவையாகச் சூடேறி அணைந்துவிட்டது. வேறு வழியில்லை.

கம்ப்யூட்டர் சூட்டைத் தணிக்கிற முதல் பிளாக்கை நாம் செய்ததும் இதே மாதிரி ஒரு வெயிலில்தான். பட்டறையில் மில்லிங் மிஷின் ஓட்டிய உனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, எனக்குச் செம்பு தெரியாது. ப்ராசசர் மேல் ஒரு செம்புக் கட்டி உட்கார வேண்டும், அதற்குள் தண்ணீர் ஓடிச் சூட்டை வாங்கிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான் என்றேன். தண்ணீர் போகும் வழியை வளைத்து வளைத்து நானே வரைந்தும் கொண்டுவந்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். பிரெஞ்சுக்காரத் துரையைக் கூப்பிடுவதுபோல என்னைக் கேலியாக 'முசியே' என்றுதான் கூப்பிடுவாய்.

"என்னா முசியே, கோலம் போட்டாந்திருக்க? இவ்ளோ சுத்துனா தண்ணி பாதி வழியிலயே சூடாயிடும். நடுவுல எறக்கு, ரெண்டு பக்கமும் பிரிஞ்சி ஓடட்டும்."

சன்னமான பள்ளங்களை நேர்நேராக வெட்டினாய். கண்ணாடி மேல் உப்புத்தாளை விரித்து, அடிப்பக்கத்தில் முகம் தெரியும்வரை தேய்த்தாய். மேலே அக்ரிலிக் மூடி, இடையில் ரப்பர் வளையம், மூலைக்கொரு ஸ்க்ரூ. மீன்தொட்டி மோட்டாரை மாட்டி, அடியில் கோயில் தாளை விரித்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீரை மட்டும் ஓடவிட்டாய். "ஒரு சொட்டு விழுந்தாலும் தாள் காட்டிக் குடுத்துடும்" என்றாய். தாள் மொரமொரவென்று அப்படியே இருந்தது.

மூன்றாம் வாரம் மூடி விரிசல் விட்டது. தண்ணீர் இறங்கி போர்டு போனது. பிளாக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்து, உன்னோடு வேலை செய்கிற நாலு பேர் முன்னால் கத்தினேன்.

"ஸ்க்ரூவ இப்படியா முறுக்குவ? உன் கைய நம்புனேன் பாரு, என்னைச் சொல்லணும்."

நீ மூடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாய். "எதால துடைச்ச?" என்று மட்டும் கேட்டாய்.

"லென்ஸ் துடைக்கிற ஸ்பிரிட்டுலதான், தெனமும். சுத்தமா வெச்சிக்கிறது தப்பா?"

"தப்பில்ல. வேற செஞ்சித் தரேன்."

பத்து நாளில் பொட்டலம் என் மேசைக்கு வந்தது. நான் அதற்குள் அதே மாதிரி போர்டு வாங்கி ஃபேனை மாட்டியிருந்தேன். பொட்டலத்தைத் தூக்கிப் பரணில் போட்டேன். பிறகும் நாம் டீ குடித்தோம், கடற்கரையில் நடந்தோம், அந்தப் பேச்சை மட்டும் இருவருமே எடுக்கவில்லை. அப்புறம் ஒரு திங்கட்கிழமை, நீ பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்தது.

பொட்டலத்தைப் பிரித்தேன். அதே செம்பு, அதே பள்ளங்கள். மூடி மட்டும் பித்தளை. தாளின் உள்பக்க ஓரத்தில் பென்சிலில் எழுதியிருந்தாய்: "அக்ரிலிக்குக்கு ஸ்பிரிட் ஆகாது, விரிசல் விட்டுடும். இது பித்தளை. ஆசை தீரத் துடைங்க முசியே."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். உன் மனைவியைத் தேடி நெல்லித்தோப்புக்குப் போய்த் தாளைக் காட்டினேன்.

"உங்களுக்கு இப்பதான் தெரியுமாண்ணா?" என்றார். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. தெனமும் ஸ்பிரிட்டுல குளிப்பாட்டியிருக்கான்னு."

"அங்கயே சொல்லியிருக்கலாமே?"

"நானும் அதத்தான் கேட்டேன். நாலு பேரு முன்னாடி சொன்னா அவனுக்கு ஒரு மாதிரி ஆயிடும்னாரு."

அந்த நாலு பேர் முன்னால்தான் நான் உன் கையைக் குறை சொன்னேன். அதே நாலு பேர் முன்னால் நீ என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். வெட்கமாக இருந்தது. ஆனால் மூன்று வருடமாக நெஞ்சில் கிடந்தது அவர் வீட்டு வாசலிலேயே இறங்கிவிட்டது. நீ சிரித்திருக்கிறாய், அது போதும் எனக்கு.

அவரிடமே ஒரு கோயில் தாள் வாங்கி வந்து, உன் கணக்குப்படி ஒரு நாள் முழுக்க ஓடவிட்டேன். ஒரு சொட்டு இல்லை. கல்யாண வீடியோ ஒரு தடவைகூட நிற்காமல் முடிந்தது.

இன்று காலை பட்டறைக்குப் போனேன். அந்த நாலு பேரில் மூவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். மிஷினை நிறுத்தச் சொல்லி, அன்று தப்பு என்னுடையது என்று சத்தமாகச் சொன்னேன். நான்காமவர் தவளக்குப்பத்தில் தனியாகக் கடை போட்டிருக்கிறாராம். நாளை அங்கேயும் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மூடியை நன்றாக அழுத்தித் துடைத்தேன். ஸ்பிரிட்டில்தான்.