ஒட்டிய உறையில் உன் பெயர்

சோதனைத் திடல் விடுதி,
1948 மே 4

மதிப்புக்குரிய முன்னாள் கணவர் புரோகோர் அவர்களுக்கு,

கப்பித்தலீனா எழுதுகிறேன். இன்னும் சாகவில்லை, மன்னிக்கவும். முட்டி வலிக்கிறது, பசி மட்டும் குறையவில்லை. நாலாம் வகுப்போடு நின்றவள் கடிதம். பிழை இருந்தால் உங்கள் தட்டச்சு லீதியாவிடம் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

இப்போது எனக்குத் துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்க்கும் வேலை. ராணுவத்துக்கு இனி ஒரே ஆயுதம் போதுமாம், அதற்குப் போட்டி. யார் செய்தது என்று யாருக்கும் தெரியக் கூடாது. துப்பாக்கிக்கு ஒரு புனைபெயர். உண்மைப் பெயர் அரக்கு வைத்த உறைக்குள். முடிவு சொன்ன பிறகுதான் பிரிப்பார்கள்.

போன வாரம் 'மைனா' என்று ஒரு சப்மெஷின்கன் வந்தது. கழற்றினேன். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட்டின் மேல் சாய்வாக மூன்று பள்ளம். உட்கார்ந்து சிரித்தேன். உறைக்கு அரக்கு வைத்த மனிதர் பள்ளத்துக்கு வைக்க மறந்துவிட்டாரே!

மணல் புகுந்தால் பள்ளத்தில் ஒதுங்கட்டும், போல்ட் சிக்காது என்று நாற்பத்து மூன்றில் அரத்தால் ராவியது யார்? "குடு காப்பா, ஆபீஸ்ல காட்டிட்டு ஓடி வந்துடுறேன்" என்று வாங்கிப் போனீர்கள். விருதோடு வந்தீர்கள். மறுமாதம் லீதியாவோடு போனீர்கள். அவளை விடுங்கள், அவளும் பாவம். பள்ளத்தை மட்டும் ஐந்து வருடமாக மறக்க முடியவில்லை.

உங்கள் மைனாவை நான் குறை சொல்ல மாட்டேன். கைக்கு அடக்கம், படபடவென்று பொழிகிறது. ஆனால் எதிரில் 'கரடி' என்று ஒரு ரைபிள் நிற்கிறது. பார்க்கவே பயம்.

மைனாவுக்கு இருபதாம் தேதி மணல் சோதனை. அதை எப்படிப் பிடித்தால் கோபித்துக்கொள்ளாது? விவரமாக எழுதுங்கள். உங்கள் கையெழுத்திலேயே, லீதியா அடித்தால் வீட்டில் சண்டை வரும்.

கப்பித்தலீனா


1948 மே 11

என் காப்பா,

உன் கிண்டல் கொஞ்சமும் மாறவில்லை. படித்தபோது கண் கலங்கிவிட்டது.

உன்னிடம் மறைப்பானேன். இந்தப் போட்டியில் முதல் சோதனையிலேயே விழுந்தால் வரைவுக்கூடத்தில் என் மேசையை எடுத்துவிடுவார்கள். நாற்பத்தெட்டு வயதில் மறுபடி கடைசல் பட்டறைக்கு. சின்னப் பசங்கள் சிரிப்பார்கள்.

கரடியைப் பார்த்துப் பயப்படாதே. அதில் போல்ட் திரும்பிப் பூட்ட வேண்டும், ஒவ்வொரு பாகத்தையும் கடைந்தெடுக்க வேண்டும். என் மைனாவுக்குத் தகட்டை அச்சில் அடித்தால் பாதி வேலை முடிந்தது. கனத்த போல்ட், ஒரு ஸ்பிரிங், அவ்வளவுதான். பதுங்குகுழியில், வீட்டுக்குள், படிக்கட்டில் இதை வெல்ல எது இருக்கிறது? எட்டத்தில் தோட்டா தளர்ந்துபோகும் என்பார்கள். சிப்பாய் எட்டத்திலா சண்டை போடுகிறான்?

மணலில் ஒரே ஒரு சிக்கல். தோட்டா அடுக்கும் மேகசீனின் வாயில் தூசி அடைகிறது. சுடுவதற்கு முன் வலப்பக்கம் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டு, உதிர்ந்துவிடும். குறிப்புத் தாளில் இதைப் போடவில்லை. போட்டால் குறை என்று எழுதிவிடுவார்கள். நீ தற்செயலாகத் தட்டுவது போலத் தட்டு.

பள்ளத்தைப் பற்றி என்ன சொல்ல? போர்க்காலம். யார் பெயர் என்று பார்க்கவா நேரம் இருந்தது?

படித்ததும் எரித்துவிடு.

உன் புரோகோர்


1948 மே 24

புரோகோர்,

தட்டினேன். இரண்டு தட்டு, வலப்பக்கம், உள்ளங்கையால். மைனா ஒரு தோட்டா சிக்காமல் மொத்த மேகசீனையும் பாடித் தீர்த்தது. குழு கைதட்டியது. உன் பிள்ளை நல்ல பிள்ளைதான், அதை மறுக்க மாட்டேன்.

கர்னல் எவ்ஸ்திக்னேயெவ் மட்டும் தாளைப் புரட்டிக்கொண்டே வந்தார்.

"ஏம்மா, தட்டணும்னு இதுல எங்கயும் போடலையே. யார் சொன்னாங்க?"

"செஞ்சவரே சொன்னாருங்க ஐயா."

"செஞ்சவரா? உறையே பிரிக்கல, அது யாருன்னு உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கா தெரியாது? பதினெட்டு வருஷம் அந்த ஆளோட காலுறையைத் துவைச்சிருக்கேன்."

கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். பிறகு உறையை அங்கேயே பிரித்து, உள்ளே நீ எழுதிய பெயரையும் கடிதத்தின் கையெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சோதனையாளரோடு தொடர்பு வைத்தால் துப்பாக்கி தள்ளுபடி என்ற விதி உனக்குத் தெரியாததா? மைனாவை எண்ணெய்த் துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். உன் கடிதம் உன் ஊருக்கு வந்துகொண்டிருக்கிறது, உன் மேலதிகாரியின் பெயருக்கு.

பள்ளத்தையும் சொன்னேன். "வரைஞ்சு காட்டுறியா?" என்றார். எனக்கு வரையத் தெரியுமா? பழைய போல்ட் ஒன்றையும் அரத்தையும் கேட்டேன். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் மூன்று பள்ளமும் ராவிக் கொடுத்தேன். கர்னல் விரலால் தடவிப் பார்த்தார். "அதே சாய்வு" என்றார். ஐந்து வருடத்தில் அந்த ஒரு சொல்தான் எனக்குக் கிடைத்த விருது.

நானும் தப்பவில்லை. முதல் கடிதம் எழுதியவள் நான்தானே. திடலை விட்டு எடுத்துவிட்டார்கள். இப்போது பெட்டிகளுக்கு ஆணி அடிக்கிறேன். அடிக்க அடிக்க மனம் லேசாகிறது, உன் புண்ணியம்.

நேற்று தூரச் சோதனை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். கரடி நானூறு மீட்டரில் மூன்று பலகையைத் துளைத்துக்கொண்டு போனது. உன் மைனாவைப் போல வேறு யாரோ செய்த சப்மெஷின்கன் ஒன்று போட்டியில் மிச்சமிருந்தது, அதையும் சுட்டார்கள். அதன் தோட்டாக்கள் பலகைக்கு முன்னாலேயே புல்லில் விழுந்தன. ஒரு மேகசீன் முடிவதற்குள் போட்டியே முடிந்துவிட்டது.

ஆகவே நான் மூன்று நாள் சும்மா இருந்திருந்தாலும் நீ தோற்றிருப்பாய். பக்கத்தில் ஆணிப் பெட்டியோடு நின்ற தாசியா கேட்டாள்: "பேசாம இருந்திருந்தா உன் வேலையாவது தங்கியிருக்குமே அக்கா?"

தங்கியிருக்கும். ஆனால் கரடியிடம்தானே தோற்றது, நல்ல துப்பாக்கிதான் என்று உன் தோளில் தட்டி, மேசையை விட்டுவைத்திருப்பார்கள். அடுத்த வருடம் இன்னொரு பறவையை அனுப்பியிருப்பாய், அதிலும் என் பள்ளத்தோடு.

பதில் எழுதாதே. எழுதினால் அதையும் கொடுத்துவிடுவேன்.

கப்பித்தலீனா